பொருளறைக்குள் ஒரு பரீட்சை

இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

கைடு அதை இருட்டில் தடவிப் பார்த்தான். கைப்பிடி என்று அவன் நினைத்தது சட்டை மாட்டுகிற கொக்கி. அதில் தொங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு துணி அவன் தலையில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. துணியை எடுத்துப் போட்டுவிட்டுக் கதவை மேலிருந்து கீழ் வரை தடவினான். கைப்பிடி இருக்க வேண்டிய உயரத்தில், ஓரமாக, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. எப்போதோ கைப்பிடி கழன்று விழுந்த இடம் என்று தீர்மானித்தான். எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தான். கழன்றதை யாரும் திருப்பி மாட்டுவதில்லை.

அது வகுப்பறையை ஒட்டிய பொருளறை. பெயிண்டு, பசை, பாசிமணி, மரச்சக்கரம் என்று பிள்ளைகள் கையால் செய்து பார்க்கத் தேவையான எல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். விளக்குக்கு ஸ்விட்ச் வெளியே. கதவின் அடிப்பாகத்தில் காற்றுக்காக மரச்சட்டங்களைச் சாய்த்துச் சாய்த்து வைத்த ஒரு பலகை இருந்தது. அதன் வழியே வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்தது.

அந்த அறைக்குக் கதவு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவன் வந்த நாளிலிருந்து வாசல் திறந்தே கிடந்தது. "இன்னைக்குத் தேர்வாளர் வர்றாங்க, வகுப்பு பளிச்சுன்னு இருக்கணும், எல்லாத்தையும் மூடி வைங்க" என்று காலையில் பிள்ளைகளிடம் சொன்னவன் அவனேதான். சக்கரப் பெட்டியை எடுக்க உள்ளே நுழைந்து குனிந்தான். பெட்டிக்குள் சக்கரங்கள் கடகடவென்று உருண்டன. நிமிர்ந்து திரும்பினால் கதவு. பொறுப்பான பிள்ளை எதுவோ, சொன்னபடி மூடி வைத்துவிட்டது.

கைடு என்பது அவனோடு படிக்கிறவர்கள் வைத்த பெயர். கடல் தாண்டி இந்த ஊருக்கு ஆசிரியர் பயிற்சிக்கு வருவதற்கு முன்னால் அவன் டியூஷன் சென்டரில் பெரிய பேர் எடுத்தவன். கேள்வியைப் பாதி கேட்கும்போதே முழு விடையும் அவன் வாயிலிருந்து வந்துவிடும், அதுவும் அடிக்கோடு போட வேண்டிய இடத்தில் குரலை உயர்த்தி. பரீட்சைக்கு முந்தின நாள் கைடு வாங்குகிற பிள்ளைகள், இவனிடம் படித்தால் அதைக்கூட வாங்க வேண்டியதில்லை என்பார்கள்.

இங்கே பயிற்சியின் பெயர் செய்து கற்றல். பிள்ளைகள் தாங்களே தொட்டு, கழற்றி, மாட்டி, கெடுத்து, சரிசெய்து கற்றுக்கொள்ள வேண்டும். முதல் பருவம் முழுக்க அதைப் பற்றி ஒரு பெரிய கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். எதையும் தொடவில்லை. கைடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினான். இரண்டாவது பருவத்தில்தான் நிஜப் பிள்ளைகளிடம் அனுப்பினார்கள். அங்கே வந்தது வினை.

இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை ஒன்று முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது அருகில் நிற்கிற பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தொடக்கூடாது, விடையைச் சொல்லவும் கூடாது. வேண்டுமானால் கேள்வி கேட்கலாம், சாமான் எடுத்துக் கொடுக்கலாம். அவ்வளவுதான். கைடு கையைக் கட்டிக்கொண்டான். வாயைக் கட்ட வழி தெரியவில்லை.

தேர்வாளர் பார்க்க அவன் நடத்திய முதல் தேர்வுப் பாடத்தில் பிள்ளைகள் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள். முதல் கட்டையைக் கீழே வைக்கும் முன்பே, "பெரிசை அடியில வைங்க, புவியீர்ப்பு மையம் தாழ்வா இருந்தா..." என்று ஆரம்பித்து, கோபுரத்தைத் தன் வாயாலேயே கட்டி முடித்தான். பெயில். இரண்டாவது பாடம், பனிக்கட்டி எப்படி உருகுகிறது என்று பார்ப்பது. அவன் முன்னுரை சொல்லி முடிப்பதற்குள் பனிக்கட்டி உருகி முடிந்திருந்தது. பெயில்.

இது மூன்றாவது. இதிலும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். தேறினால் இதே பள்ளியில் வேலை, மனைவியும் மகளும் இங்கே வந்துவிடலாம். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். போனில் அவன் முகத்தைக் காட்டினால், "அப்பா ஸ்கிரீனைத் தள்ளி வை, நான் விளையாடணும்" என்கிறாள். அது நினைவுக்கு வந்ததும் கதவை இன்னொரு தடவை தள்ளினான்.

கதவு அசையவில்லை. இழுக்கலாம் என்றால் பிடிக்க ஒன்றும் இல்லை. இருந்த கொக்கியும் போய்விட்டது.

"பசங்களா," என்று கூப்பிட்டான். சத்தம் போடாமல், அதே சமயம் கேட்கிற மாதிரி. "கதவைத் திறங்க."

வெளியே கசமுசவென்று இருந்த வகுப்பு அமைதியானது. காலடிகள் கதவருகே வந்தன.

"சார், உள்ளயா இருக்கீங்க?" அது தொப்பி. குளித்தாலும் தொப்பியைக் கழற்றாத பையன்.

"ஆமா. திறங்க."

"திறக்க முடியலையா சார்?"

"முடிஞ்சா நான் ஏன் உள்ள நிக்கிறேன்?"

அவர்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு ஓட்டைப்பல்லின் குரல் கேட்டது. முன்பல் இரண்டும் விழுந்து, காற்றோடு பேசுகிற பெண். வகுப்பிலேயே பெரிய மனுஷி அவள்தான்.

"எப்படித் திறக்கலாம்னு நினைக்கிறீங்க சார்?"

போச்சு என்று நினைத்தான் கைடு. பிள்ளைகளுக்கும் வழி தெரியவில்லை. ஆபீசுக்குப் போன் போடலாம், போன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. போட்டு என்ன சொல்வது? தேர்வு நாளன்று பயிற்சி ஆசிரியர் அலமாரிச் சாமான்களோடு சாமானாக இருக்கிறார் என்றா? வகுப்பாசிரியையைக் கூப்பிடலாம். ஆனால் தேர்வு நடக்கும்போது அவர் அந்தப் பக்கமே வரக்கூடாது என்பது விதி.

யோசித்து முடிப்பதற்குள் வகுப்பறைக் கதவு திறந்தது. குதிகால் செருப்புச் சத்தம் நிதானமாக உள்ளே வந்தது. அந்தச் சத்தத்தை அவன் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். இரண்டு தடவையும் அது வந்த நிதானத்திலேயே திரும்பிப் போயிருக்கிறது.

"வணக்கம் பிள்ளைங்களா. உங்க சார் எங்க?"

"உள்ள இருக்கார் மேடம்."

"உள்ளயா? கதவை மூடிக்கிட்டா?"

செருப்புச் சத்தம் பொருளறையை நோக்கி வந்தது. கைடு மூச்சைப் பிடித்துக்கொண்டான். சத்தம் கதவுக்கு மிக அருகில் நின்றது. பிறகு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஏதோ கிசுகிசுத்தார்கள். அவன் கதவில் காதை ஒட்டினான். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கடைசியில் தேர்வாளர், "ஓ, அப்படியா. சரி," என்றார். அவ்வளவுதான்.

தேர்வாளர் பாடத்தில் மூக்கை நுழைக்க மாட்டார் என்பது கைடுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கு விதி என்றால் விதி. இனி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த யோசனை வந்ததில் அவனுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை ஏற்பட்டது.

தொண்டையைச் செருமினான்.

"வணக்கம் மேடம். பசங்களா, இன்னைக்குப் பாடம் இதுதான். ஒரு மனுஷன் ஒரு அறைக்குள்ள அடைபட்டுட்டான். எப்படி வெளிய வர்றது? நான் விடை சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிக்கணும்."

அவன் வாழ்நாளில் முதல் தடவையாக, விடை சொல்ல மாட்டேன் என்று சொன்னது உண்மையாகவும் இருந்தது. அவனுக்கு விடை தெரியாது.

"சரி சார்," என்றாள் ஓட்டைப்பல். "உள்ள என்னென்ன இருக்கு?"

நல்ல ஆரம்பம், தகவல் சேகரிக்கிறார்கள் என்று கைடு மகிழ்ந்தான். "பெயிண்டு இருக்கு. மணி இருக்கு. பேப்பர், பசை, சக்கரம்."

"கதவு எப்படி இருக்கு சார்?"

"மரக்கதவு. கைப்பிடி இல்ல."

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"முழுக்கத் தொட்டாச்சு."

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"தள்ளிப் பார்த்தேன். அசையல."

"வேற எப்படிச் செஞ்சு பார்க்கலாம்?"

பிள்ளை சரியாகத்தான் கேட்கிறாள், ஆனால் நேரம் போகிறதே என்று கைடு பல்லைக் கடித்தான். "இன்னும் பலமாத் தள்ளிப் பார்க்கலாம்," என்றான். சொன்ன பிறகு செய்தாக வேண்டும். அந்தச் சின்ன அறையில் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய், தோளைக் கொடுத்து மோதினான்.

கதவு அப்படியே நின்றது. அவன்தான் திரும்பி வந்து பின்னாலிருந்த அலமாரியில் விழுந்தான். மேல் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. பாசிமணி டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், அவன் தலைமேல் கவிழ்ந்தன. அறை முழுக்க மணி மழை பெய்து ஓய்ந்தது.

"என்ன ஆச்சு சார்?"

"ஒண்ணும் இல்ல. ஒரு முயற்சி."

"அதுல என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்றான் தொப்பி.

தோள் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டிருந்தான். அதைச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி. எடுக்காவிட்டால் எடுக்கிற வரைக்கும் அடிப்பாள். கைடு ஒரு மூலைக்குப் போய், மேலே விழுந்த துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, "ஹலோ" என்றான்.

"என்னங்க, பரீட்சை முடிஞ்சுதா?"

"நடந்துக்கிட்டு இருக்கு."

"நடக்கும்போது எப்படிப் போன் எடுக்கிறீங்க? எங்க இருக்கீங்க?"

"உள்ள இருக்கேன்."

"பரீட்சை?"

"அது வெளியில நடக்குது."

"ம்?" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அந்த 'ம்'மை அவன் அறிவான். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னான். சுருக்கமாகச் சொல்ல அவனுக்கு வராது. அடைபட்ட காற்றில் ஆக்சிஜன் அளவு பற்றிய இடத்துக்கு வந்தபோது அவள் இடைமறித்தாள்.

"போதும் போதும். கதவு இறுகிப்போச்சு, அவ்வளவுதானே? இடுக்குல எண்ணெய் விடுங்க. நம்ம வீட்டுக் குளியலறைக் கதவுக்கு நான் அதைத்தான் செஞ்சேன். நீங்க அப்ப துரு எப்படிப் பிடிக்குதுன்னு பொண்ணுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

"இங்க எண்ணெய்க்கு எங்க போவேன்?"

"தேடிப் பாருங்க. வாயால தேடாம கையால தேடுங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இங்க பாருங்க, பாப்பா நேத்து படம் வரைஞ்சா. நானும் அவளும் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். நீங்க பக்கத்துல ஒரு கட்டத்துக்குள்ள இருக்கீங்க. போனாம் அது. எப்படியாவது பாஸ் பண்ணுங்க."

போனை வைத்த பிறகு கைடு துணியை உதறிவிட்டுத் தட்டுகளைத் துழாவினான். குப்பி ஒன்று கைக்கு வந்தது. மூடியைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. கதவின் மேல் இடுக்கில் தாராளமாக ஊற்றினான். தாராளம் போதாது என்று தோன்றி மீதியையும் ஊற்றினான்.

"சார்," என்றான் தொப்பி. "கதவுக்கு அடியில நீலமா ஏதோ வருது."

கைடு குனிந்து வெளிச்சக் கோட்டில் தன் கையைப் பார்த்தான். நீலம். முழங்கை வரைக்கும் நீலம்.

"நல்லாக் கவனிங்க," என்றான். "எந்தப் பக்கம் ஓடுது?"

"எங்க பக்கம் சார். மேடம் செருப்புப் பக்கம்."

செருப்புச் சத்தம் இரண்டடி பின்னால் போனது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை. எழுதுகிறார் போலிருக்கிறது என்று கைடு நினைத்துக்கொண்டான். இனி மூன்றாவது பெயில் உறுதி என்றும் நினைத்தான். தரையில் உட்கார்ந்தான். மணிகள் மேல் உட்கார்ந்ததால் உடனே எழுந்தான்.

"சார்," என்றாள் ஓட்டைப்பல். அவள் குரல் கதவின் அடியிலிருந்து வந்தது. தரையில் படுத்துக்கொண்டு பேசுகிறாள். "நாங்க சாமான் தரோம். எது வேணுமோ நீங்களே எடுத்துக்கங்க."

கதவுக்கு அடியில் ஒவ்வொன்றாக வந்தன. அளவுகோல். காந்தம். கரண்டி. நீலத்தில் நனைந்த ஒரு கயிறு. கடைசியாகப் பிள்ளைகள் கைக்கு ஏற்ற ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர்.

"இதுல எதை வச்சு என்ன பண்ணலாம்னு தோணுது சார்?"

இதையெல்லாம் பிள்ளைகளே யோசித்துத் தருகிறார்கள், தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் கைடுக்குத் தெம்பு தந்தது. அளவுகோலை இடுக்கில் விட்டு நெம்பினான். அளவுகோல் இரண்டானது. காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. கரண்டியால் என்ன செய்வதென்று தெரியாமல் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மிஞ்சியது ஸ்க்ரூ டிரைவர்.

அதை வைத்துக்கொண்டு கதவைச் சுற்றித் தடவினான். கீழே, காற்றுக்காக வைத்த பலகையின் நான்கு மூலையிலும் ஸ்க்ரூ இருந்தது. அந்தப் பலகையைக் கழற்றினால் ஒரு ஓட்டை கிடைக்கும். ஓட்டை வழியே ஒரு ஆள் போகலாம். கைடுக்குச் சட்டென்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஸ்க்ரூ டிரைவரை அவன் அதற்கு முன் கையில் பிடித்ததில்லை. அவன் வீட்டில் அதைப் பிடிப்பது மனைவி. "நீ போய்ப் படி" என்று சின்ன வயதில் அம்மா எந்த வேலையிலும் கை வைக்க விடவில்லை. அவனும் போய்ப் படித்துக்கொண்டே இருந்துவிட்டான். இப்போது முழங்காலிட்டு, ஸ்க்ரூவின் காடியில் முனையை வைத்து, பலம் கொண்ட மட்டும் திருகினான். ஸ்க்ரூ இறுகியது. இன்னும் திருகினான். இன்னும் இறுகியது.

"வர மாட்டேங்குது," என்றான், தன்னையறியாமல்.

"எந்தப் பக்கம் திருப்புறீங்க சார்?"

"வலப்பக்கம்."

"அப்படித் திருப்பினா என்ன ஆகுது?"

"இறுகுது."

கைடு தன் கையைப் பார்த்தான். மெதுவாக இடப்பக்கம் திருப்பினான். கிரீச்சென்று ஒரு சத்தம். ஸ்க்ரூ மயிரிழை அளவு தலையைத் தூக்கியது. மறுபடி திருப்பினான். இன்னும் கொஞ்சம். கடைசியில் முழுதாக வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது.

அதை வெளிச்சக் கோட்டில் வைத்துப் பார்த்தான். சின்ன ஸ்க்ரூ. கொஞ்சம் துரு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஸ்க்ரூ பற்றிய விடையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. அவனுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தான். வெளியே தேர்வு நடக்கிறது என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"வந்துடுச்சு," என்றான்.

"வந்துடுச்சாம்," என்று வெளியே பல குரல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன.

"சார், சுத்தினா ஸ்க்ரூ ஏன் வெளிய வருது?" என்று கேட்டான் தொப்பி.

கைடு வாயைத் திறந்தான். விடை நாக்கு நுனியில் நின்றது. ஒரு உருளையைச் சுற்றிய சாய்தளமே திருகு எனப்படும். அடிக்கோடு போட வேண்டிய இடம் உட்பட முழுப் பத்தியும் வரிசையாக வந்து நின்றது. தேர்வாளர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். மகள் வரைந்த கட்டம் நினைவுக்கு வந்தது. உதட்டைக் கடித்தான். பெரிய வேதனையாக இருந்தது. தும்மலை அடக்குவதைப் போல அந்தப் பத்தியை அடக்கி, விழுங்கி, கண்ணில் தண்ணீர் வர, "நீ என்ன நினைக்கிறே?" என்றான்.

வெளியே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். தேர்வாளராக இருக்கலாம்.

மற்ற ஸ்க்ரூக்கள் சீக்கிரமே வந்துவிட்டன. அவன் கை பழகிவிட்டது. பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தான். வெளிச்சம் பொலபொலவென்று உள்ளே வந்தது. ஓட்டை வழியே தெரிந்தவை சின்னச் சின்னக் கால்கள், நடுவே பெரிய செருப்பு ஒரு ஜோடி. வலது செருப்பின் முனை நீலம்.

கைடு தலையை நுழைத்தான். தலை வந்தது. ஒரு தோள் வந்தது. இன்னொரு தோளும் வந்தது. வயிறு வரவில்லை.

முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தான். பிள்ளைகள் அரைவட்டமாக நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தது. தேர்வாளரும் அவர்களோடு நின்றார். அவர் கையும் பின்னால் இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"வயிறு மாட்டிக்கிச்சு," என்றான் கைடு.

"ஏன் மாட்டிக்கிச்சுன்னு நினைக்கிறீங்க சார்?" என்றாள் ஓட்டைப்பல், அவன் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து.

கைடு யோசித்தான். சட்டைப்பையிலிருந்து கரண்டியை எடுத்துத் தரையில் வைத்தான். மூச்சை முழுவதும் வெளியே விட்டான். சிந்திக் கிடந்த நீலப் பெயிண்டில் முன்கைகளை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தான். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. வயிறு வந்தது. வயிற்றோடு மற்றதும் வந்தது. தேர்வாளரின் காலடியில், முடியில் பாசிமணியும் முகத்தில் நீலமுமாக, நீட்டிப் படுத்துக் கிடந்தான்.

பிள்ளைகள் கையை அவிழ்த்துக்கொண்டு தட்டினார்கள். உண்மையான கைதட்டல். தொப்பி தன் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

கைடு எழுந்து நின்றான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். என்ன சொல்வதென்று தெரியாமல், "பாடம் முடிஞ்சுது மேடம்," என்றான்.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக மாட்டிக்கொண்டார். முதல் தடவையும் இரண்டாவது தடவையும் பெயில் சொல்லும் முன்னால் இதைத்தான் செய்தார்.

"நான் ரொம்ப வருஷமா இந்த வேலையைப் பார்க்கிறேன்," என்றார். "வாத்தியாரைப் பார்த்து வாத்தியாரை எடை போட முடியாது. அவர்கிட்ட இருக்கிற பிள்ளைங்களைப் பார்த்துத்தான் போடணும். இவ்வளவு பொறுமையான பிள்ளைங்களை நான் எந்த வகுப்புலயும் பார்த்ததில்ல. எங்கிருந்து கத்துக்கிட்டாங்களோ. உங்க வகுப்புலதானே இருக்காங்க, உங்களுக்கும் அதுல பங்கு இருக்கணும். நீங்களும் அந்த ஸ்க்ரூ விஷயத்தைச் சொல்லாம விட்டீங்க. அதைக் கேட்டதும் எனக்கே நம்பிக்கை வந்துச்சு. பாஸ்."

கைடு நன்றி என்று நாலைந்து தடவை சொன்னான். நன்றி ஏன் என்று விளக்க ஆரம்பித்தபோது தேர்வாளர் கிளம்பிவிட்டார். செருப்புச் சத்தம் நிதானமாகப் போனது. போகிற வழியெல்லாம் வலது கால் மட்டும் நீலமாகப் பதிந்தது.

மனைவிக்குப் போன் போட்டான்.

"பாஸ்," என்றான்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"அழாதே. கண்ணீர் ஏன் வருதுன்னா..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். "அழு. பரவாயில்ல," என்றான்.

மனைவி மூக்கை உறிஞ்சினாள். "வெளிய வந்துட்டீங்களா?"

"நானே வந்தேன். ஸ்க்ரூ டிரைவர் வச்சு."

"நீங்களா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் தேர்வாளர் போட்ட மதிப்பெண்ணைவிட அதிகம் இருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். பிள்ளைகள் சொல்லாமலே சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். தொப்பி தரையைத் துடைத்தான். மற்றவர்கள் மணி பொறுக்கினார்கள். கைடு அவர்களைப் பெருமையோடு பார்த்தான். தன்னிடமிருந்துதான் இவர்களுக்குப் பொறுமை வந்திருக்கிறது என்று நினைத்தபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. இனி ஒரு பிள்ளைக்கும் விடை சொல்லப் போவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான்.

ஓட்டைப்பல் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரும் இன்னொரு கையில் மணி டப்பாவுமாகப் பொருளறைக்குப் போனாள். ஓட்டை வழியே நுழைவாள் என்று கைடு எதிர்பார்த்தான். அவள் கதவின் ஓரத்தில் இருந்த பள்ளத்தில் சுண்டு விரலை விட்டு, பக்கவாட்டில் நகர்த்தினாள். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் சுவருக்குள் போய் மறைந்தது. உள்ளே போனாள். சாமான்களைத் தட்டில் வைத்தாள். வெளியே வந்து, சுண்டு விரலாலேயே கதவை இழுத்து மூடினாள்.

கைடு அந்தக் கதவின் எதிரே போய் நின்றான். பள்ளத்தில் விரலை விட்டான். நகர்த்தினான். திறந்தது. மூடினான். மூடியது. திரும்பவும் திறந்தான்.

"இது இப்படித் திறக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான்.

"எல்லாருக்கும் தெரியும் சார்."

"அப்புறம் ஏன்மா யாரும் திறக்கல?"

"மேடம் வந்ததுமே திறக்கத்தான் போனாங்க சார்," என்றாள் ஓட்டைப்பல். "நாங்கதான், கையைப் பின்னால கட்டிக்கங்க, சொல்லிட்டா அவர் கத்துக்க மாட்டார்னு சொல்லி நிறுத்தினோம்."